ஊக்கு டப்பாவும் ஒரு நான்முனைக் காந்தமும்

நல்லபடியாகப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் படிக்கிற உங்களுக்கும் அந்த ஒரு வாரம் எனக்கு இருந்ததுபோல என்ன ஆகுமோ என்றே இருக்கும். ஜெர்மனிக்குப் போனேன். அங்கே நான் பார்த்தது ஒரு ஆராய்ச்சிக்கூடம், ஒரு காந்தம், நிறைய உருளைக்கிழங்கு. கோட்டை, ஆறு, பனிமலை எல்லாம் இருக்கிறதாம். அடுத்தவர் போய்வந்து எழுதட்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து ஜெர்மனிக்கு வேலையாகப் போனேன் என்றால் எல்லாரும் பட்டுப்புடவை விற்கவா என்கிறார்கள். இல்லை. வாலாஜாபாத் போகிற சாலையில், ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் பட்டறை. பதினான்கு பேர். துகள் முடுக்கி என்று ஒரு இயந்திரம் உண்டு. அணுவைவிடப் பொடியான துகள்களை நீளமான குழாய்க்குள் விட்டு வேகமேற்றி ஓட்டுவார்கள். ஓடுகிற துகள்கள் சும்மா இருக்காது, பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகும். அவற்றை மறுபடி நடுவுக்குக் குவிக்க, குழாயைச் சுற்றி வழி நெடுகக் காந்தங்களை நிறுத்துவார்கள். அதில் ஒரு வகை நான்முனைக் காந்தம். நாலு இரும்பு முனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதைத்தான் நாங்கள் செய்கிறோம்.

செய்வது மற்றவர்கள், அளப்பது நான். நாலு முனையும் ஒன்றுபோல இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்குமேல் பிசகினால் தள்ளுபடி. காந்தத்தின் நடுத்துளைக்குள் ஒரு நீளமான கோலைச் சுழலவிடுவேன். கோலுக்குள் மயிரிழைக் கம்பிச் சுருள் இருக்கிறது. அது சுழலும்போது எழும் மின்சாரத்தை வைத்துக் காந்தப்புலத்தின் குணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பதினோரு வருடமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

எங்கள் அளவு அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பா இருக்கும். ஊக்கு டப்பா என்போம். உள்ளே போகிற பெண்கள் புடவை ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இது முதலாளி ராகவன் சாரின் சட்டம். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பட்டறை வைத்தவர். வீட்டில் மூன்று வேளையும் பெருமாள். ஆனால் பட்டறைக்குள் எந்த இயந்திரத்துக்கும் ஒரு பொட்டு வைக்க விடமாட்டார். ஜெர்மனிக்கு முதல் காந்தம் கிளம்பிய அன்று பூசணிக்காய் உடைக்கலாமா என்று தேவகி அக்கா கேட்டதற்கு, வாசலுக்கு வெளியே லாரி டயருக்கு உடைத்துக்கொள் என்றுவிட்டார்.

தேவகி அக்கா எங்கள் சுருள் சுற்றும் தலைவி. பட்டுக்குப் பாவு நூல் ஓட்டுகிற வீட்டில் பிறந்தவர். கம்பியை எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அந்தக் காந்தத்தைப் பேக் செய்து பெட்டியில் இறக்கியதும் அவர்தான்.

அந்த முதல் காந்தம் மாதிரிக்காக அனுப்பியது. அது தேறினால் இன்னும் இருபத்து நாலு காந்தத்துக்கு ஆர்டர். ஒரு திங்கட்கிழமை காலை மெயில் வந்தது: தேறவில்லை, பத்தாயிரத்தில் ஒன்பது பங்கு பிசகுகிறது. நான் இங்கே அளந்தபோது இரண்டுகூட இல்லை. இந்த ஆர்டர் போனால் பட்டறையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சார் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது, விமானத்தில் உட்கார முடியாது. அளந்தவள் நான். நான்தான் போக வேண்டும்.

என் கோலை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒரு மீட்டர் நீளம், பி.வி.சி. பைப்புக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். சென்னை விமான நிலையத்தில் சோதனை செய்த அம்மா புல்லாங்குழலா என்றார். காந்தம் அளக்கிற கோல் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் புல்லாங்குழல் என்றே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அப்புறம் என்னை நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். கருவி தோளில் ஒரு தடவை, இடுப்பில் மூன்று தடவை கத்தியது. ஊக்குகள். பட்டறையில் ஊக்கே இல்லாமல் நடமாடிப் பழகியவள், வெளிநாட்டில் புடவை நழுவிவிடப் போகிறதே என்று நாலு குத்தியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை எதுவும் கிடையாது. மளிகை, பால், காய்கறி, எல்லாவற்றுக்கும் கதவு சாத்தி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பஜ்ஜிக் கடையாவது இருக்காதா என்றால், அதுவும் இல்லை.

ரயிலில் ஏறினேன். சொல்லிவைத்த நிமிடத்துக்கு வந்தது, சொல்லிவைத்த நிமிடத்துக்குக் கிளம்பியது. பரவாயில்லையே என்று கால் நீட்டி உட்கார்ந்தேன். வழியில் ஒரு ஸ்டேஷனில் ஏதோ அறிவித்தார்கள், கொஞ்ச பேர் எழுந்து ஓடினார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த பெரியவர் என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். ரயிலை இரண்டாகக் கழற்றிவிட்டார்களாம். முன் பாதி நான் போக வேண்டிய ஊருக்கு, பின் பாதி வேறெங்கோ. நான் பின் பாதியில் இருந்தேன்.

அவர் சொன்னபடி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். எங்கள் பக்கத்துத் தாமல் ஏரிக்கரை பஸ் நிறுத்தம் அளவுக்குத்தான் இருந்தது. திரும்பிப் போகிற ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் வாலாஜாபாத் பஸ்ஸில் கண்டக்டர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"பஸ்ஸ ரெண்டா ஒடச்சி ஓட்டுனா நான் எந்தப் பாதில நின்னுக்கினு டிக்கெட் கிழிக்கறது?" என்றார். மனைவி நடுக்காட்டில் நிற்கிற கவலை அந்தக் குரலில் துளிகூட இல்லை.

பசி. சாரின் வீட்டம்மா கட்டிக்கொடுத்த கோயில் இட்லி பையில் இருந்தது. மிளகு, சீரகம், சுக்கு போட்டு மந்தாரை இலையில் வேகவைத்தது, இரண்டு நாள் தாங்கும். பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் நாயோடு வந்து உட்கார்ந்தார். நாய் என் கையையே பார்த்தது, அம்மாளும் பார்த்தார். ஒரு துண்டு கொடுத்தேன். வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார், அப்புறம் இருமினார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரைகுறை ஆங்கிலத்தில், கேக் என்று நினைத்தேன் என்றார். இன்னொரு துண்டு வேண்டுமா என்றதற்கு நாயைப் பார்த்தார். நாயும் வேண்டாம் என்றுவிட்டது.

திங்கட்கிழமை ஆராய்ச்சிக்கூடம். காந்தம் அளக்கிற பிரிவுக்குப் பொறுப்பு கார்லா என்கிற பொறியாளர். என் வயசுதான் இருக்கும். நெட்டையாக இருந்தார், சிரிக்கவே இல்லை. கை குலுக்கினார், காபி கொடுத்தார், விஷயத்துக்கு வந்துவிட்டார். "உங்கள் அளவும் எங்கள் அளவும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்று தப்பு. அது எது என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களைக் கூப்பிட்டோம்."

எங்கள் அளவு தப்பில்லை என்று சொல்ல வாய் துடித்தது. பைப்பிலிருந்து கோலை எடுத்து மேஜைமேல் வைத்தேன், அவ்வளவுதான்.

எங்கள் காந்தம் அங்கே தனியாக ஒரு மேடையில் நின்றது. பிறந்த வீட்டுப் பெண்ணைப் புகுந்த வீட்டில் பார்த்ததுபோல இருந்தது. தேவகி அக்கா சுற்றி, ரெசின் பிசின் ஊற்றி இறுக்கிய மஞ்சள் சுருள்கள் அப்படியே பளபளவென்றிருந்தன. ஒரு கீறல் இல்லை. கொண்டுவந்தவர்கள் தூக்கிப் போட்டு உடைத்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தவள் நான். அதுவும் இல்லை.

அன்று என் கோலை அங்கே பொருத்துவதற்கே பொழுது போய்விட்டது. மதியம் கேன்டீனில் அவித்த உருளைக்கிழங்கு, சிவப்பு முட்டைகோஸ். செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்கை மசித்திருந்தார்கள், புதன்கிழமை வறுத்திருந்தார்கள். ஒருநாளும் அதில் ஒரு பச்சை மிளகாய் விழுந்ததில்லை. நான் கொண்டுபோன பருப்புப் பொடியை மேலே தூவிக்கொண்டதைப் பக்கத்து மேஜைக்காரர் மருந்து என்று நினைத்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை என் கோலைச் சுழலவிட்டேன். கம்ப்யூட்டரில் எண்கள் வரிசையாக வந்தன. ஒன்பது.

மறுபடி பொருத்தினேன், மறுபடி சுழற்றினேன். ஒன்பது. கோலைத் திருப்பிப் போட்டு அளந்தேன். அதே ஒன்பது. அவர்கள் அளவு சரி. அங்கே இருந்த சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து அது கொஞ்ச தூரம் பின்னால் உருண்டதுகூடத் தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் நான் எடுத்த அளவுதான் தப்பு என்றால் இந்த ஒரு காந்தம் மட்டுமா, பதினோரு வருடமாக அளந்ததெல்லாம் என்ன ஆவது?

சாருக்குப் போன் செய்தேன். எடுத்த அளவை எடுத்தபடி சொல்லிவிடு, மழுப்பாதே என்றார். குரல் ஒடுங்கிப் போயிருந்தது.

புதன்கிழமை காலை டிராமில் போனேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, கதவு திறக்கவில்லை. திறப்பார்கள் என்று மரியாதையாக நின்றேன். பொத்தானை நாமே அமுக்கினால்தான் திறக்குமாம். கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன். அந்தக் கால் மணி நேரத்தில்தான் ஒன்று தோன்றியது. கோல் காட்டுவது காந்தத்தின் மொத்தக் கணக்கு. பிசகு எந்த இடத்தில் என்று அதற்குத் தெரியாது. நான் காஞ்சிபுரத்தில் அளந்தது சரியாகவே இருந்து, அதற்கப்புறம் காந்தத்தில் ஏதோ மாறியிருந்தால்? புள்ளி புள்ளியாகத் தேடினால் தெரிந்துவிடும்.

கார்லாவிடம் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குச்சி நுனியில் நகம் அளவு உணர்கருவி பொருத்திய இன்னொரு சாதனத்தைக் கொண்டுவந்தார். நான் நகர்த்த, அவர் எழுத. ஐந்து மில்லிமீட்டர், ஓர் எண். ஐந்து மில்லிமீட்டர், ஓர் எண். ஒவ்வொரு முனைக்கும் முன்னாலும் பின்னாலும். நாள் முழுக்க நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது எண்கள் மட்டும்தான். சாயங்காலம் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் மூன்று முனைகள் சமதரையாக இருந்தன. நாலாவது, கீழே இடப்பக்கத்து முனையில், பின்கோடியில் மட்டும் ஒரு மேடு. கார்லா அந்த மேட்டின்மேல் விரலை வைத்து, "இங்கே ஏதோ இருக்கிறது" என்றார்.

வியாழக்கிழமை காலை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டேன். சுருளுக்கும் இரும்பு முனைக்கும் நடுவில் விரல் நுழையாத இடுக்கு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. ரெசின் மஞ்சள், அதன் பக்கத்தில் இன்னொரு மஞ்சள். அந்த இன்னொரு மஞ்சளில் நூல் தெரிந்தது.

பிளாஸ்டிக் இடுக்கியால் இழுத்தேன். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று வந்தது.

கார்லா அது காப்புத் துணியா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். திருப்புட்குழியில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள்தான், ஆனால் பக்கத்து வீட்டில் எத்தனை பார்த்திருப்பேன். காரியம் நடக்க வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். அமுக்கிப் பார்த்தேன். ஒரு ரூபாய். கார்லா ஒரு குட்டிக் காந்தத்தைக் கொண்டுவந்து காட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இப்போது வருகிற ஒரு ரூபாய் எஃகில் செய்ததாயிற்றே, ஒட்டாமல் என்ன செய்யும்.

உடனே அளந்தோம். கோல் சுழன்று முடிந்தது. இரண்டுக்கும் கீழே! காஞ்சிபுரத்தில் நான் எழுதி அனுப்பிய அதே எண், கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் வேறு. காந்தம் பிழைத்தது, பட்டறை பிழைத்தது, என் பதினோரு வருடமும் பிழைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கார்லா முதல் தடவையாகச் சிரித்தார், தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

அப்புறம் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அந்நியப் பொருள் எப்படி உள்ளே வந்தது, யார் வைத்தது, இனி எப்படித் தடுப்பீர்கள் என்று மூன்று கட்டம். நினைத்தவர் நினைத்ததை உள்ளே செருகலாம் என்றால் வரப்போகிற இருபத்து நாலில் என்னென்ன இருக்கும் என்று மேலிடத்தில் கேட்பார்களாம். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லாமல் ஆர்டரில் கையெழுத்து விழாது, வைத்தவரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று எழுதினால் நல்லது என்றும் சொன்னார். நியாயம்தான்.

யார் வைத்தது என்பதில் எனக்கு என்ன சந்தேகம்? பேக் செய்தவர் தேவகி அக்கா. பூசணிக்காய் கேட்டவர் தேவகி அக்கா. ஊரில் அப்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். கூப்பிட்டேன். நாலு நாளாக அடக்கிவைத்திருந்த பயமெல்லாம் கோபமாக வந்தது. உன் வேண்டுதலால் பட்டறையே மூடியிருக்கும் என்று கத்திவிட்டேன்.

"நான் வெக்கல எஸ்தர். அந்த ஊக்கு டப்பாவ தெனம் தொடச்சி வெச்சிக்கினு இருக்கறவ நானு. எனக்குத் தெரியாதா?"

நான் நம்பவில்லை. இரண்டாவது கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன்.

படிவத்தை அனுப்புமுன் சாரிடம் காட்ட வேண்டுமே என்று வீடியோவில் கூப்பிட்டேன். முடிச்சைத் திரையில் தூக்கிப் பிடித்து, காந்தம் தேறிவிட்டது சார், தேவகி அக்கா செய்த வேலையைப் பாருங்கள் என்றேன். அவர் சந்தோஷப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்தப் பேர அழிச்சுடு எஸ்தர். நான்தாம்மா வெச்சேன்."

எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பேக்கிங் அன்று காலையில் எல்லாருக்கும் முன்பே வந்தாராம். வீட்டிலேயே பெருமாளுக்கு முடிந்து கொண்டுவந்ததை, பெட்டியில் வைத்தால் நாங்கள் பார்த்துவிடுவோமே என்று வெட்கப்பட்டு, யார் கண்ணிலும் படாத இடுக்காகப் பார்த்துச் செருகியிருக்கிறார்.

"முப்பது வருஷம் காந்தம் சொல்லிக்கொடுத்தவன். அன்னிக்குக் கார்த்தால பயம்தான் இருந்தது, படிப்பு எங்க போச்சுன்னே தெரியல. அளவு தப்புன்னு மெயில் வந்தப்பகூட இது ஞாபகத்துக்கு வரலியேம்மா."

கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. வைத்ததும் முதலாளியே என்றால் யாரையும் வேலையிலிருந்து எடுக்காமலே படிவத்துக்குப் பதில் எழுதிவிடலாம், நிம்மதியாகக்கூட இருந்தது. போனை வைத்த பிறகுதான் தேவகி அக்காவிடம் நான் கத்தியது காதில் திரும்பக் கேட்டது.

படிவத்தில் பெயரை அழித்தேன். முதல் இரண்டு கட்டத்தில் சார் சொன்னதை அப்படியே எழுதினேன். மூன்றாவது கட்டத்தில், இனி முதலாளி உட்பட யாரும் சோதனை இல்லாமல் காந்தத்தின் அருகே போக முடியாது, சோதனைப் பொறுப்பு தேவகி என்று எழுதினேன். கார்லா அதைப் படித்துவிட்டு, "இவர் முதலாளியையும் தடுத்து நிறுத்துவாரா?" என்று கேட்டார். நிறுத்துவார் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்தானது. இயந்திரங்களுக்குள்ளிருந்து எடுத்த விநோதப் பொருட்களை அங்கே ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அந்த முடிச்சை அதற்குக் கொடுக்க முடியுமா என்று கார்லா கேட்டார். அது சாமி காசு, என்னுடையதில்லை என்று சொல்லிப் பர்சில் வைத்துக்கொண்டேன். அதனால் அங்கே விமான நிலையத்திலும் கையைத் தூக்க வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். சார் எல்லாரையும் நிற்கவைத்து, முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு, தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னார். வேண்டுதல் பலித்ததா, எடுத்ததால் பலித்ததா என்று யாரோ கேட்டார்கள். அது பெருமாளுக்கும் எனக்கும் உள்ள வழக்கு, காசு அவருடையது, உண்டியலில் போய்ச் சேரும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தேவகி அக்கா சிரிக்கவில்லை. நான் வாங்கிவந்த சாக்லேட்டையும் தொடவில்லை.

சுருள் மேஜையண்டை போய், தப்பு என்மேல்தான் அக்கா, மன்னித்துவிடு என்றேன். அவர் கம்பியிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"திட்டனது கூடப் பரவால்ல. வெக்கலன்னு சொன்னேன். நீ நம்பல."

நம்பவில்லைதான். அவர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அன்றும் மறுநாளும் அவர் என்னோடு பேசவில்லை.

புதன்கிழமை அடுத்த காந்தத்தை அளக்கிற நாள். அளவு அறை வாசலில் தேவகி அக்கா நின்றார். ஒரு கையில் ஊக்கு டப்பா, மறு கையில் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு குட்டிக் காந்தம். முதலில் வந்தவர் சார். பேனா, சாவி, வாட்ச் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டார். அப்புறம் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தயங்கி, அந்த மஞ்சள் முடிச்சையும் எடுத்துப் போட்டார். சனிக்கிழமைதான் கோயிலுக்குப் போகிறாராம். "கையத் தூக்குங்க சார்" என்றார் அக்கா. அவர் தூக்கினார். கழுத்திலிருந்து வேட்டி மடிப்பு வரை காந்தம் இறங்கியது, எங்கேயும் ஒட்டவில்லை. உள்ளே விட்டார்.

அடுத்தது நான். என் ஊக்குகளைப் போட்டேன். யார் எத்தனை ஊக்கு குத்துவார்கள் என்பது அக்காவுக்கு மனப்பாடம்; டப்பாவுக்குள் பார்த்து எண்ணினார், என்னைப் பார்த்தார்.

"நாலு இருக்குது. அஞ்சாவது எங்க?"

ரவிக்கைக்குப் பின்னால் ஒன்று குத்தியிருந்தது. மறந்தே போய்விட்டேன். அதையும் கழற்றிப் போட்டேன்.

"இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு ஒரு வாரத்துக்கப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி, கையத் தூக்கு."

தூக்கினேன்.